குட்டிப் பிள்ளைங்களுக்கு சொந்தமா படம் போட்ட ஒரு பாட்டுப் புத்தகம் போடணுமா? முதல் தடவை இறங்குறவங்களுக்கு

வீட்ல பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது சும்மா கட்டிவிட்ட பாட்டு, பால்வாடில டீச்சர் சொல்லிக்கொடுக்க எழுதின நாலு வரி, இதையெல்லாம் நல்லா படம் போட்டு ஒரு புத்தகமா பாக்கணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேர் இருக்காங்க. எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. ஆனா எப்படிப் போடுறதுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, பாதிப் பேரு "நீங்க பாட்டை மட்டும் குடுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்"னு பேக்கேஜ் விக்கறாங்க, அந்த பேக்கேஜ்ல ஓசில கிடைக்கிற ஐஎஸ்பிஎன் நம்பருக்கும் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் குடுக்கற அடையாள எண்) சேத்து காசு போட்டிருப்பாங்க. அலைஞ்சு திரிஞ்சு தெரிஞ்சுகிட்டதை வரிசையா எழுதுறேன், நீங்களாவது அலையாம இருங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பேப்பர் வேலை, பதிவு, அரசாங்க நம்பர் இதெல்லாம் நினைக்கிற அளவுக்கு கஷ்டமும் இல்ல, செலவும் இல்ல. காசும் நாளும் போறது படத்துலயும் பக்கக் கணக்குலயும்தான். அதனால பிரஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி இருக்கிற படிகளைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கேன்.

1. பாட்டை வாயால சோதிங்க, பக்கமா வெட்டுங்க

யாருக்குப் புத்தகம்னு முடிவு பண்ணுங்க. ரெண்டு வயசுப் பிள்ளைக்கும் ஆறு வயசுப் பிள்ளைக்கும் ஒரே புத்தகம் ஆகாது. மூணு வயசுக்குள்ளன்னா ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, அதுவும் ஓசையும் திரும்பத் திரும்ப வர்ற சொல்லும் உள்ள வரி போதும். நாலு, அஞ்சு வயசுன்னா ஒரு விரிப்புக்கு, அதாவது புத்தகத்தைத் திறந்தா தெரியுற ரெண்டு பக்கத்துக்கும் சேத்து, ரெண்டுலேர்ந்து நாலு வரி. அரசுப் பள்ளிகள்ல வாசிப்பு இயக்கத்துல குடுக்கிற குட்டிப் புத்தகங்களைப் பாத்திருப்பீங்க, நுழை, நட, ஓடு, பறன்னு படிப்படியா பிரிச்சிருப்பாங்க, அதுல ஒவ்வொரு படியிலயும் நாலஞ்சு எடுத்து ஒரு பக்கத்துல எத்தனை சொல் இருக்குன்னு எண்ணிப் பாத்தாலே ஒரு பிடி கிடைச்சிடும்.

உதாரணத்துக்கு ஒரு பாட்டு:

குட்டி எறும்பு போகுது
கட்டிச் சீனி தூக்குது
சொட்டு ஒண்ணு விழுகுது
எட்டி எட்டி ஓடுது

இதை ஒரே பக்கத்துல போட்டு மேல ஒரு எறும்பு படம் போட்டா அது பாடப் புத்தகம் மாதிரி ஆயிடும். படப் புத்தகத்துல பக்கம் திருப்புறதுதான் விளையாட்டே. முதல் ரெண்டு வரி ஒரு விரிப்புல. மூணாவது வரி வலது பக்கத்துல தனியா, படத்துல சொட்டு மட்டும் பெரிசா, எறும்பே இல்லாம. திருப்பினா நாலாவது வரி. அந்த இடத்துல படிக்கிறவங்க ஒரு நொடி நிறுத்துவாங்க, பிள்ளை "எறும்பு எங்க?"ன்னு கேக்கும், அந்தக் கேள்விக்காகத்தான் ரெண்டு பேரா உக்காந்து படிக்கிறது. இன்னொண்ணு, வரி சொன்னதையே படமும் சொல்லக்கூடாது. "கட்டிச் சீனி தூக்குது"ன்னு வரில இருக்குல்ல, படத்துல பின்னாடி சீனி டப்பா சாஞ்சு கெடக்கட்டும், ஒரு பூனை மாட்டிகிட்டு முழிக்கட்டும். அது வரில வரவே வேணாம்.

எதுகைக்காக பொய் சொல்லிடாதீங்க. நாலாவது வரிய "எட்டுக் காலும் ஓடுது"ன்னு எழுத கை தானா போகும், சந்தமும் சூப்பரா உக்காரும், ஆனா எறும்புக்கு ஆறு கால்தான். பெரியவங்க கவனிக்க மாட்டாங்க, பிள்ளைங்க படத்துல எண்ணிட்டு வந்து கேப்பாங்க.

அப்புறம் ஆறு ஏ-4 தாளை நடுவுல மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுங்க, 24 பக்கம் வந்துடும். அதுல பென்சிலால வரியை எழுதி, படத்துக்குக் குச்சி உருவம் போட்டு, உங்க பிள்ளை அல்லாத வேற பிள்ளைங்களுக்கு, நீங்க அல்லாத வேற ஆள் படிச்சுக் காட்டணும். இது முக்கியம், ஏன்னா நீங்க படிச்சா தட்டுற இடத்தை நாக்கு தானா சரி பண்ணிடும். பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட குடுத்து "சும்மா பாப்பாவுக்குப் படிச்சுக் காட்டுங்கம்மா"ன்னு சொல்லிட்டு ஓரமா உக்காந்து கேளுங்க, அவங்க எங்க தடுக்கறாங்களோ அந்த வரி திரும்ப எழுதணும். செலவு பூஜ்யம், இதுக்கு ரெண்டு மூணு வாரம் தாராளமா ஒதுக்குங்க.

2. அடுத்தவங்க பாட்டை எடுக்கறதா இருந்தா

பழைய பாட்டுதானே எல்லாரும் பாடுறதுதானேன்னு எடுத்துப் போட்டுடாதீங்க. நம்ம நாட்டுச் சட்டப்படி எழுதினவர் இறந்த அடுத்த வருசத் தொடக்கத்துலேர்ந்து 60 வருசம் காப்புரிமை உண்டு. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை மறைஞ்சது 1954, அப்போ 2014 முடிவோட அது முடிஞ்சுது, அவர் பாட்டைத் தாராளமா படம் போட்டுப் போடலாம். மறைஞ்சு இந்த 60 வருசம் முடியாத கவிஞர்கள் பாட்டுன்னா குடும்பத்துகிட்டயோ பதிப்பகத்துகிட்டயோ எழுத்துல அனுமதி வாங்கணும். அரசு நாட்டுடைமை ஆக்கின எழுத்தாளர்னா இந்தக் கணக்கு தேவையில்ல. யாரு எழுதினதுன்னே தெரியாத வாய்வழிப் பாட்டுன்னா பிரச்சனை இல்ல, ஆனா ஒருத்தர் தொகுத்த புத்தகத்துலேர்ந்து அவரோட வரிசை, குறிப்பு எல்லாத்தையும் அப்படியே எடுக்கக்கூடாது.

3. பக்கக் கணக்கு

நடுவுல பின் அடிக்கிற புத்தகம்னா பக்கம் நாலால வகுபடணும், வேற வழியே இல்ல. பிரஸ்ல பாரம் கணக்குல பேசுவாங்க, 16 பக்கம் ஒரு பாரம், 8 பக்கம் அரை பாரம். அதனால 16, 24, 32 இதுல ஒண்ணுல நில்லுங்க. 20, 28னு போனா பிரஸ்காரர் முகத்தைச் சுளிப்பாரு, பேப்பரும் வீணாகும், காசு மட்டும் குறையாது. முதல் புத்தகத்துக்கு 24 நல்ல அளவு. ஆனா 24ம் பாட்டுக்கு இல்ல. தலைப்புப் பக்கம், விவரப் பக்கம், கடைசில எழுதினவர் வரைஞ்சவர் பத்தின பக்கம்னு நாலு போயிடும், மிச்சம் 20, அதாவது பத்து விரிப்பு. பாட்டு பன்னிரண்டு விரிப்புக்கு இழுத்தா பாட்டைக் குறைங்க.

அளவு விசயத்துல எல்லாரும் ஆசைப்படுறது சதுரம், எட்டரைக்கு எட்டரை இஞ்ச். பாக்க அழகுதான், பிள்ளை மடில விரிச்சு வைக்கவும் வசதிதான். ஆனா படம் வரைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பிரஸ்ஸுக்கு ஒரு போன் போட்டு "இந்த அளவுக்கு ஷீட்ல எவ்ளோ வேஸ்ட் போகும்?"னு கேளுங்க. கால் இஞ்ச், அரை இஞ்ச் குறைச்சா சில சமயம் ஒரு ஷீட்ல ரெண்டு பக்கம் கூட ஏறும். படமெல்லாம் வரைஞ்சு முடிஞ்சப்புறம் அளவை மாத்தினா ஓரத்துல யாரோட வாலோ காதோ போகும்.

4. படம் வரையறவர், அவரோட ஒப்பந்தம்

பெரிய செலவும் பெரிய தாமதமும் இங்கதான். நான் விசாரிச்ச வரைக்கும் புதுசா ஆரம்பிக்கிறவங்க ஒரு பக்கத்துக்கு ஆயிரம் ரூபாய் மாதிரி கேட்டாங்க, நாலு புத்தகம் பண்ணினவங்க அஞ்சாயிரமும் அதுக்கு மேலயும் கேட்டாங்க, ரெண்டுமே நியாயம்தான். விரிப்புக் கணக்கா, பக்கக் கணக்கா, அட்டை தனியாவான்னு தெளிவா கேட்டுக்குங்க, அட்டைக்கு பெரும்பாலும் தனி ரேட். 24 பக்கத்துக்கு மூணு மாசம் குடுங்க. "ஒரு மாசத்துல முடிச்சிடறேன்"னு சொல்றவர்கிட்ட கொஞ்சம் யோசிங்க, அவர் நல்லவராவே இருப்பாரு, ஆனா அவருக்கு வேற வேலையும் வரும்.

காசு குடுத்துட்டா படம் நம்மளுதுன்னு நினைக்கறது பெரிய பொறி. எழுத்துல ஒரு பக்க ஒப்பந்தமாவது வேணும், ரெண்டு பேர் கையெழுத்தோட. சட்டத்துல ஒரு கணக்கு இருக்கு: உரிமைய எழுதிக் குடுக்கும்போது எத்தனை வருசம்னு போடலேன்னா அஞ்சு வருசம்தான்னு எடுத்துக்குவாங்க, எந்த நாடுன்னு போடலேன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். அதோட வாங்கின உரிமைய ஒரு வருசத்துக்குள்ள பயன்படுத்தலேன்னா, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலேன்னா, அது அவர்கிட்டயே திரும்பிப் போயிடும். படம் வரைஞ்சு பீரோல வச்சுட்டு ரெண்டு வருசம் கழிச்சு அச்சடிக்கலாம்னு இருக்கறவங்க இதைக் கவனிங்க.

ஒப்பந்தத்துல இருக்க வேண்டியது: எத்தனை படம், என்ன அளவு, எந்தத் தேதில ஸ்கெட்ச், எந்தத் தேதில கலர், எத்தனை தடவை திருத்தம் ஃப்ரீ, அதுக்கு மேல திருத்தத்துக்கு எவ்ளோ, அச்சுப் புத்தகம் மட்டுமா இல்ல மின்புத்தகம், வேற மொழி, போஸ்டர், டீ-ஷர்ட் எல்லாமுமா, பாதில நின்னா எவ்ளோ குடுக்கணும், லேயரோட (படத்தோட பகுதிகள் தனித்தனி அடுக்கா) உள்ள ஒரிஜினல் ஃபைல் கிடைக்குமா, அட்டைல அவர் பேர் எந்த இடத்துல. கடைசி விசயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, படப் புத்தகத்துல பாதி புத்தகம் அவருது, அட்டைல உங்க பேர் அளவுக்கே அவர் பேரும் வரட்டும். பணத்தை மூணாப் பிரிச்சுக் குடுங்க, ஆரம்பத்துல ஒரு பங்கு, ஸ்கெட்ச் எல்லாம் ஓகே ஆனதும் ஒண்ணு, ஃபைனல் ஃபைல் கைக்கு வந்ததும் ஒண்ணு. பில்லும் பான் நம்பரும் வாங்கி வச்சுக்குங்க.

திருத்தம் எல்லாத்தையும் ஸ்கெட்ச்லயே முடிச்சுடணும். கலர் போட்டப்புறம் "அந்த எறும்பு கொஞ்சம் சிரிக்கட்டுமே"ன்னு கேட்டா அது திருத்தம் இல்ல, புதுப் படம்.

இணையத்துல கிடைக்கிற படத்தை எடுத்து ஒட்டறது வேணவே வேணாம். ஏஐ படம் போட்டுடலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, உரிமைச் சிக்கலை விடுங்க, பத்து விரிப்புலயும் ஒரே எறும்பை ஒரே முகத்தோட வர வைக்கறது கஷ்டம், கொஞ்சம் மாறினாலும் பிள்ளைங்க "இது வேற எறும்பு"ன்னு உடனே கண்டுபிடிச்சிடும்.

கையில காசே இல்லேன்னா ஒரு நல்ல வழி இருக்கு. பிரதம் புக்ஸ் நடத்துற ஸ்டோரிவீவர் தளத்துல ஓவியர்கள் வரைஞ்ச படங்கள் ஏராளமா திறந்த உரிமத்துல கிடக்கு, பேர் போட்டு நன்றி சொல்லிட்டு எடுத்துக்கலாம், அச்சடிச்சு விக்கவும் தடை இல்ல. அதுலயே உங்க பாட்டைப் போட்டு முதல்ல ஒண்ணு பண்ணிப் பாக்கறது காசு செலவழிச்சு இறங்கறதுக்கு முன்னாடி ரொம்ப நல்ல பயிற்சி. ஒண்ணே ஒண்ணு, அங்க நீங்க ஏத்துறதும் அதே உரிமத்துல எல்லாருக்கும் போயிடும், அப்புறம் திரும்ப வாங்க முடியாது. உங்க ஓவியர் வரைஞ்சதை அவர்கிட்ட கேக்காம ஏத்திடாதீங்க.

5. லேஅவுட், தமிழ் எழுத்து, இங்க கண்ணு வேணும்

டிசைனர் படம் சூப்பரா வைப்பாரு, தமிழ் படிக்கத் தெரியாதவரா இருந்தா எழுத்து உடையறது அவர் கண்ணுல படாது. யூனிகோட்ல (இப்ப போன்லயும் கம்ப்யூட்டர்லயும் எல்லாரும் தமிழ் அடிக்கற முறை) டைப் பண்ணினதை பழைய சாஃப்ட்வேர்ல ஒட்டினா கொம்பு இடம் மாறி "கொசு" போய் "ெகாசு"ன்னு நிக்கும். பக்கம் வடிவமைக்கற இன்டிசைன் சாஃப்ட்வேர்ல வேர்ல்ட்-ரெடி கம்போசர்னு ஒரு செட்டிங் இருக்கு, அதைப் போட்டாத்தான் தமிழ் ஒழுங்கா வரும், டிசைனர்கிட்ட இந்தப் பேரைச் சொல்லியே கேளுங்க. இல்ல அவர் பாமினி, ஸ்ரீலிபி மாதிரி பழைய எழுத்துருல அடிக்கறவர்னா அதுவும் ஓகே, மாத்தும்போது ஒவ்வொரு எழுத்தா சரிபாருங்க. எல்லாம் முடிஞ்சு பிரஸ்ஸுக்குப் போற பிடிஎஃப்ல எழுத்தை கர்வ் ஆக்கிடச் சொல்லுங்க, அதாவது எழுத்தைப் படம் மாதிரி கோடா மாத்திடறது, அப்பத்தான் பிரஸ் கம்ப்யூட்டர்ல எழுத்துரு இல்லேன்னாலும் உடையாது. கர்வ் ஆக்கினதை அப்புறம் திருத்த முடியாது, அதனால ஆக்காத ஃபைல் ஒண்ணை நீங்க தனியா வச்சுக்கணும்.

எழுத்து 18 பாயின்ட்டுக்குக் குறையவே கூடாது, 22, 24 இருந்தா நல்லது. இன்னொரு விசயம், கருப்பு ராத்திரி வானத்துல வெள்ளை எழுத்து வைக்க எல்லா டிசைனருக்கும் ஆசை. ஒல்லியான எழுத்துருல அப்படி வச்சா அச்சுல தனித்தனியா விழற நாலு கலர் மையும் ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலே முதல்ல சாகிறது புள்ளிதான். புள்ளி போயிட்டா "கல்" "கல" ஆயிடும், இப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அது என்னன்னே புரியாது. இருட்டுப் பக்கத்துல எழுத்தே வேணும்னா தடிமனான எழுத்துரு போடுங்க, இல்ல நிலா வெளிச்சம் மாதிரி ஒரு வெளிர் இடத்தை ஓவியர்கிட்ட முன்னாடியே கேட்டு வாங்குங்க. கருப்பு எழுத்தும் கருப்பு மை ஒண்ணுல மட்டும் வரணும், நாலு கலரும் சேந்த கருப்பா இருந்தா எழுத்தோரம் கலங்கும்.

டெக்னிக்கலா டிசைனர்கிட்ட கேட்டு வாங்க வேண்டியது மூணு: படம் 300 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி), கலர் சிஎம்ஒய்கே (அந்த நாலு அச்சு மைக் கணக்கு), சுத்தி 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாம இருக்க படத்தைக் கூடுதலா நீட்டறது). ஸ்க்ரீன்ல பளீர்னு தெரியுற பச்சையும் ஆரஞ்சும் அச்சுல கொஞ்சம் மங்கும், அதை ஓவியருக்கும் ஆரம்பத்துலயே சொல்லிடுங்க, அப்புறம் அவர் மனசு கஷ்டப்படுவாரு.

லேஅவுட்டுக்கு ரெண்டு வாரம், பிழை திருத்தத்துக்கு இன்னும் ஒரு வாரம். பத்து விரிப்புல நாப்பது வரிதானேன்னு விட்டுடாதீங்க, நாப்பது வரில ஒரு பிழைன்னா அது ஊரே பாக்கற பிழை.

6. ஐஎஸ்பிஎன், காப்புரிமை

ஐஎஸ்பிஎன் இந்தியாவுல இலவசம். குடுக்கறது மத்திய அரசோட ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் ஏஜென்சி, ஆன்லைன்லயே விண்ணப்பிக்கணும். சொந்தமா போடுறவங்க தனிநபரா பதிவு பண்ணிக்கலாம், பதிப்பக கம்பெனி வேணும்னு அவசியம் இல்ல. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, தலைப்புப் பக்கம், அட்டை இதையெல்லாம் ஸ்கேன் பண்ணித் தயாரா வச்சுக்குங்க. ஆதார்ல இருக்கற பேரும் புத்தகத்துல வர்ற பேரும் வேறயா இருந்தா, புனைபெயர்ல எழுதுறவங்களுக்கு இது வரும், அதை விண்ணப்பத்துலயே தெளிவா சொல்லிடுங்க. சில நாள்லயும் வரும், சில வாரமும் இழுக்கும், ஸ்கேன் தெளிவா இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால கலர் வேலை நடக்கும்போதே போட்டுடுங்க, பிரஸ்ஸுக்குப் போற வாரம் போட்டுட்டு உக்காந்து காத்திருக்காதீங்க. அச்சுக்கு ஒரு நம்பர், மின்புத்தகத்துக்கு வேற நம்பர். "ஐஎஸ்பிஎன் வாங்கித் தரோம், மூவாயிரம்"னு யாராவது சொன்னா அது அவங்க டைப் பண்ற கூலி, அவ்ளோதான்.

காப்புரிமை எழுதின உடனே உங்களுக்கு வந்துடும், பதிவு கட்டாயம் இல்ல. வேணும்னு நினைச்சா காப்புரிமை அலுவலகத்துல ஆன்லைன்ல ஃபாரம் 14, இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய். விண்ணப்பத்துக்கு டைரி நம்பர் (பதிவு எண்) கிடைச்சப்புறம் யாராவது ஆட்சேபம் சொல்றாங்களான்னு 30 நாள் வைப்பாங்க, அதுக்கப்புறம்தான் பரிசீலனையே ஆரம்பிக்கும், மாசக்கணக்குல ஆகும். அதுக்காகப் புத்தகத்தை நிறுத்தி வைக்கத் தேவையில்ல. படத்தையும் சேத்துப் பதிவு பண்ணினா ஓவியர்கிட்டேர்ந்து ஆட்சேபம் இல்லேன்னு கடிதம் கேப்பாங்க, நாலாவது படில ஒப்பந்தம் போட்டப்பவே இதையும் கையெழுத்து வாங்கிடுங்க.

விவரப் பக்கத்துல தலைப்பு, எழுதினவர், வரைஞ்சவர், உரிமை யாருக்கு, முதல் பதிப்பு மாசம் வருசம், வெளியிடுறவர் பேர் முகவரி, அச்சடிச்ச பிரஸ் பேர் ஊர், விலை, ஐஎஸ்பிஎன் இத்தனையும் வரணும். வீட்டு முகவரி போட யோசனையா இருந்தா தபால் பெட்டி எண் எடுத்துப் போடுங்க.

7. பிரஸ்

நூறு காப்பிக்குள்ளன்னா டிஜிட்டல் (ஃபைல்லேர்ந்து நேரா அடிக்கறது), ஐநூறு ஆயிரம்னா ஆஃப்செட் (பிளேட் செஞ்சு மெஷின்ல ஓட்டறது). நடுவுல இருக்கிற இருநூறு முன்னூறுக்கு ரெண்டு ரேட்டும் வாங்கிப் பாருங்க. ஆஃப்செட்ல பிளேட்டுக்கும் மெஷினை ஓட்டித் தயார் பண்றதுக்கும் ஆகிற செலவு நூறு அடிச்சாலும் ஆயிரம் அடிச்சாலும் ஒண்ணுதான், அதான் கூடக்கூட ஒரு காப்பி விலை இறங்குது. சிவகாசி, சென்னைன்னா திருவல்லிக்கேணி ராயப்பேட்டை பக்கம், ரெண்டு இடத்துலயும் கொட்டேஷன் கேளுங்க. சிவகாசில ரேட் குறையலாம், லாரி வாடகையும் ப்ரூஃப் (மொத்தமா அடிக்கறதுக்கு முன்னாடி சரிபாக்க எடுக்கற சாம்பிள்) பாக்கப் போய்வர்ற செலவும் சேத்துத்தான் கணக்குப் போடணும்.

கொட்டேஷன் கேக்கும்போது வாய்ல சொல்லாதீங்க, எழுதி அனுப்புங்க: வெட்டினப்புறம் அளவு, பக்கம், உள்ளே 130 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனத்தைச் சொல்ற அளவு) ஆர்ட் பேப்பர் நாலு கலர், அட்டை 250 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு மேட் லேமினேஷன், நடுப் பின், எத்தனை காப்பி, டெலிவரி எங்க, வரி சேத்தா சேக்காமலா. இதுல ஒண்ணு விட்டாலும் மூணு பிரஸ் மூணு வேற பொருளுக்கு ரேட் குடுப்பாங்க, ஒப்பிடவே முடியாது. சின்னப் பிள்ளைங்க கைல ஆர்ட் பேப்பர் பளபளன்னு கண்ணைக் கூசும்னு சிலர் மேப்லித்தோ (பளபளப்பு இல்லாத பேப்பர்) போடுவாங்க, எனக்கும் அது பிடிக்கும், ஆனா கலர் கொஞ்சம் உள்ள இழுக்கும், கிழியவும் சீக்கிரம் கிழியும். ஒன்றரை வயசு, ரெண்டு வயசுக்கு தடி அட்டைப் புத்தகம் ஆசைப்படுறவங்க முதல் புத்தகத்துல அதுல இறங்க வேணாம், செலவு எங்கயோ போயிடும். அந்த வயசுக்குத்தான் பின் அடிக்கறதுக்குப் பதிலா நூல் தையல் கேளுங்க, பின் கழண்டா வாய்க்குள்ள போகும். மூலைய ரவுண்டா வெட்டச் சொல்லுங்க, கண்ணுல குத்தாது.

ப்ரூஃப் பாக்காம அடிக்கச் சொல்லாதீங்க. நான் போன ஒரு பிரஸ்ல எறும்பெல்லாம் சாணிக் கலர்ல இருக்கேன்னு கேட்டதுக்கு "அது ப்ரூஃப்ல அப்படித்தான் மேடம், மெஷின்ல ஏத்துனா செட் ஆயிடும்"னாங்க. செட் ஆகல. ப்ரூஃப்ல சரியா இருந்தா மட்டும் கையெழுத்து போடுங்க, கையெழுத்து போட்ட அந்த ப்ரூஃபை ஒண்ணு நீங்க வச்சுக்குங்க, மெஷின் ஓடுற அன்னிக்கு முடிஞ்சா நேர்ல போய் முதல் ஷீட்டை அது பக்கத்துல வச்சுப் பாருங்க. "தம்பி, மஞ்சள் கொஞ்சம் ஏத்துங்க"ன்னு நீங்க அங்க நின்னு சொன்னா ஏத்துவாங்க, வாட்ஸப்ல சொன்னா ஏத்த மாட்டாங்க. காசுல ஒரு பங்கை டெலிவரி எடுத்து எண்ணிப் பாத்தப்புறம்னு பேசிக்குங்க. அஞ்சாறு கட்டைப் பிரிச்சு பக்கம் வரிசை மாறியிருக்கா, பின் நடுவுல விழுந்திருக்கான்னு அங்கயே பாத்துடுங்க.

நேரக் கணக்கு: ஆஃப்செட்டுக்கு ரெண்டு மூணு வாரம். ஆனா எந்த மாசம்ங்கறது முக்கியம். ஆடிப்பெருக்கு ஆனா சிவகாசில காலண்டர் வேலை ஆரம்பிச்சிடும், வருசக் கடைசி வரைக்கும் மெஷின் கிடைக்காது. டிசம்பர்ல ஜனவரி புத்தகக் காட்சிக்காக எல்லாப் பதிப்பகமும் சென்னைப் பிரஸ் வாசல்ல நிப்பாங்க, உங்க ஐநூறு காப்பி கடைசிலதான் வரும், மழைக்கால ஈரத்துல மை காயவும் நாளாகும். பொங்கலையொட்டி நந்தனத்துல நடக்குற காட்சிக்கு வேணும்னா அக்டோபர் ஆரம்பத்துலயே ஃபைல் பிரஸ் கைல இருக்கணும், அப்படின்னா ஓவியர்கிட்ட பேச்சு மார்ச், ஏப்ரல்லயே ஆரம்பிக்கணும். அவசரம் இல்லேன்னா பிப்ரவரி, மார்ச்சுல அடிங்க, ரேட்டும் பேசலாம், பிரஸ்காரரும் பொறுமையா இருப்பாரு.

8. விலை வைக்கிறது

இங்கதான் பாட்டு எழுதுறவங்க கணக்குல விழறது. ஒரு உதாரணம் போடுறேன், நம்பர் உங்களுக்கு மாறும், வழி மாறாது. படத்துக்கு 30,000, லேஅவுட்டுக்கு 5,000, ஐநூறு காப்பி அச்சுக்கு தலா 60னு 30,000. மொத்தம் 65,000, ஒரு காப்பிக்கு 130. சின்னப் புத்தகம்தானேன்னு விலை 150 வச்சா, கடைக்காரர் 40 சதவீதம் கழிவு கேப்பாரு, உங்க கைக்கு 90. ஒவ்வொரு புத்தகம் விக்கும்போதும் 40 ரூபாய் நட்டம். ஆயிரம் அடிச்சு ஒரு காப்பி அச்சு 45க்கு இறங்கினா மொத்தம் 80,000, காப்பிக்கு 80, கைக்கு 90 வரும். ஆனா ஆயிரம் காப்பிய எங்க வைப்பீங்க, எப்ப விப்பீங்க? கரையானும் ஈரமும் வாடகை குடுக்காம குடியிருக்கும். அதனால முதல் பதிப்புல நேரடி விற்பனைய நம்பித்தான் கணக்குப் போடணும், பள்ளிக்கூடம், பால்வாடி, பிறந்தநாள் விழா ரிட்டர்ன் கிஃப்ட், தெரிஞ்ச அம்மாக்கள் குரூப். கடைக்கு ஒரு பங்கு போனா போதும். அழகுக்காக விலைய ரொம்ப இறக்காதீங்க, இறக்கினா அடுத்த புத்தகத்துக்கு ஓவியருக்குக் குடுக்க காசு இருக்காது.

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்ல, பிள்ளைங்களோட படப் புத்தகம், கலரிங் புத்தகத்துக்கும் இல்ல. புத்தகம் மட்டும் விக்கறவங்க அதுக்காகப் பதிவும் பண்ண வேணாம். ஆனா கூட ஒரு பொம்மை, அட்டை விளையாட்டுன்னு சேத்து ஒரே பெட்டியா வித்தா கணக்கு மாறும், அப்ப ஆடிட்டர்கிட்ட கேட்டுடுங்க. பிரஸ் பில்லுல வர்ற வரி வேற, அது உங்க செலவுதான், அதையும் அடக்க விலைல சேருங்க.

9. கடை, தபால், நூலகம்

கடைல வச்சுட்டு வந்தா வித்தப்புறம்தான் காசு, அதுவும் மூணு மாசம் ஆறு மாசம் கழிச்சு. வைக்கும்போது எத்தனை காப்பி, என்ன கழிவு, திருப்பி எடுக்கும்போது அழுக்கான காப்பிக்கு யாரு பொறுப்புன்னு டெலிவரி சீட்டுல எழுதி கையெழுத்து வாங்குங்க. படப் புத்தகத்தை எல்லாரும் பிரிச்சுப் பாப்பாங்க, பாக்கணும், அதனால "பாக்க மட்டும்"னு ஒரு காப்பிய நீங்களே ஓசில குடுத்துடுங்க, மிச்சம் பிழைக்கும். புத்தகக் காட்சில தனி ஸ்டால் ஒரே ஒரு புத்தகத்துக்குக் கட்டாது, ஏற்கனவே ஸ்டால் போடுற ஒரு பதிப்பகத்துகிட்ட பேசி அவங்க மேசைல வைங்க.

தபாலுக்கு 2025 மே மாசத்துலேர்ந்து ஞான் போஸ்ட்னு புத்தகத்துக்குன்னே ஒரு சேவை இருக்கு, 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், வரி தனி, டிராக்கிங்கும் உண்டு. நான் சொன்ன அளவுல 24 பக்கப் புத்தகம் நூறு கிராம் பக்கம்தான் வரும், ரெண்டு காப்பி அனுப்பினாலும் அதே காசு. உள்ள விளம்பரம், வியாபார நோட்டீஸ் சொருகக்கூடாது, வெளியிட்டவர் பேர் புத்தகத்துல இருக்கணும். கவுண்டர்ல எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கும்னு இல்ல, பேரைச் சொல்லிக் கேளுங்க. மூலை மடங்காம இருக்க ரெண்டு பக்கமும் அட்டை வைங்க, மடங்கின படப் புத்தகத்தை யாரும் பரிசா குடுக்க மாட்டாங்க.

நிறைய பேர் விட்டுடற ஒண்ணு: புத்தகம் வெளிவந்த 30 நாளுக்குள்ள கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லில இருக்கற பொது நூலகங்கள், ஆக நாலு இடத்துக்கு ஆளுக்கு ஒரு காப்பி உங்க செலவுல அனுப்பணும், 1954ல வந்த சட்டம். அச்சு எண்ணிக்கைய முடிவு பண்ணும்போதே இந்த நாலையும், ஓவியருக்குக் குடுக்கற பத்தையும், விமர்சனத்துக்கு அனுப்புறதையும், சோதனைக்கு உதவின பிள்ளைங்களுக்கானதையும் ஒதுக்கிடுங்க, ஐநூறுல விக்கறதுக்கு நானூத்தி எழுபதுதான் இருக்குன்னு வச்சுக்குங்க. தமிழ்நாடு பொது நூலகத் துறை கொள்முதலுக்கும் விண்ணப்பிக்கலாம், இப்ப ஆன்லைன்லதான், ஐஎஸ்பிஎன்னும் விவரப் பக்கமும் சரியா இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. அது கிடைக்கும்னு நம்பி காப்பி கூட்டி அடிக்காதீங்க, கிடைச்சப்புறம் அடிச்சுக்கலாம். அதுக்கு பிரஸ்ஸுக்குப் போன பிடிஎஃப், கர்வ் ஆக்காத ஃபைல், ஓவியரோட ஒரிஜினல், கையெழுத்து போட்ட ப்ரூஃப் நாலும் உங்ககிட்ட இருக்கணும், பிரஸ்காரர் வச்சிருப்பாருன்னு விட்டுடாதீங்க, அவங்க கம்ப்யூட்டர் வருசா வருசம் ஃபார்மட் ஆகும்.